கோட்டைக்குள் என்ன இருக்கிறது?

கேரள ராஜ்யம் பிறந்ததைக் கொண்டாட, ஞாயிற்றுக்கிழமை பழைய இடங்களைச் சுற்றிப் பார்ப்பதாக இன்று கொல்லங்கோடு பஸ்ஸில் நானும் நண்பன் சாமிநாதனும் திட்டம் போட்டோம். காலையில் ஜைனக் கோவில், மத்தியானம் பாலக்காட்டுக் கோட்டை.

பக்கத்தில் தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்திருந்த அம்மாளிடம், "நீங்க கோட்டையைப் பாத்திருக்கேளா?" என்று ஜம்பமாகக் கேட்டேன்.

"மாசாமாசம் போறனுங்க."

"அடேயப்பா! அப்படி என்ன இருக்கு அதுக்குள்ளே?"

பஸ்ஸே சிரித்தது.

"எம் பையன் இருக்கறானுங்க. ஜெயிலு அங்கதானுங்களே."

சிரிப்பு அப்படியே நின்றது. 

கோட்டை வாசலில் அவர் இறங்கினார். எங்கள் ஆபீசுக்கும் அதுதான் நிறுத்தம். தலை குனிந்தபடி அடுத்த நிறுத்தம்வரை போய், திரும்பி நடந்தோம்.

போன கடிதத்தில் உங்களையும் அழைத்திருந்தேனே, ஞாயிறன்று வேறு எங்காவது போகலாமா? சொல்லுங்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கப்போவதில்லை.