சுத்தமான நுரையீரல் என்று எழுதிக் கொடுத்தவன்

பத்தாவதில் தோற்ற எனக்கு அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கிடைத்த வேலை சிகரெட் கொளுத்துவது. வாயால் இல்லை. பெரிய ஊசிக்குழாயால் புகையை இழுத்து, ஒரு திரவத்துக்குள் குமிழியாக விட வேண்டும். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா அதை எடுத்து, நுரையீரலைக் காவல் காக்கும் செல்கள்மேல் ஊற்றுவாள். புகை பட்டதும் அந்தச் செல்கள் 'எரியுது, ஆள் அனுப்பு' என்று உடம்புக்குச் சமிக்ஞை கொடுக்கும். நம் உடம்பே கொஞ்சம் செய்துகொள்கிற நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சேர்த்தால் அந்தக் கூச்சல் அடங்குமா, ஏறுமா? அவளுடைய மூன்று வருடம் இந்தக் கேள்வியில் போயிருந்தது.

பாக்கெட்டில் மிஞ்சும் சிகரெட் என்னுடையது. உப்பளத்துக்குப் பக்கத்திலிருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து ஊதுவேன்.

சோதனைக்குச் செல் கொடுக்க, புகை பிடிக்காத ஆட்கள் அக்காவுக்குப் போதவில்லை.

"தம்பி, நீ பிடிப்பியா?"

"நானா? இங்க ஊசிக்குதான்க்கா அந்தக் கெட்ட பழக்கம்."

சிரித்தபடி எழுதிக்கொண்டாள். மருத்துவர் என் மூக்கு வழியே குழாய் விட்டு, நுரையீரலில் உப்புநீர் ஊற்றித் திரும்ப உறிஞ்சினார். என் செல்கள் அதில் வந்தன.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னாடா, உள்ள பழுப்புப் பழுப்பா இருக்குது? வீட்டுல விறகு அடுப்பா?"

"ஆமாக்கா."

எங்கள் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

மற்றவர்கள் செல்களில் அந்த வாயு கூச்சலை அடக்கியது. என்னுடையவை புகை ஊற்றும் முன்பே கத்தின, வாயுவுக்கும் அடங்கவில்லை. மருந்தை மாற்றினாள், மறுபடி செய்தாள். அதேதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார் பேராசிரியர். ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு மிச்சமிருந்தது இரண்டு மாதம்.

"என் கைதான் சரியில்ல போல, தம்பி" என்றாள், விரல்களைப் பார்த்தபடி.

கிண்டலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"கை நல்லாத்தான் இருக்குது. நான்தான் பொய் சொல்லிட்டேன். மிஞ்சுறத எல்லாம் பிடிக்கிறேன்க்கா. பத்தாம கடையிலயும் வாங்குறேன்."

ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. நோட்டை எடுத்து, புகை பிடிக்காதவர்கள் பக்கத்தில் எனக்குப் போட்டிருந்த எண்ணை அடித்துவிட்டாள். புகை பிடிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பினாள்.

"என்னுது மட்டும் ஏன்க்கா அடங்கல?"

"தெரியலடா. ஒரு நாளைக்கு எத்தினி?"

"நாலு."

அவள் எழுதவில்லை. என்னையே பார்த்தாள்.

"பத்து" என்றேன்.

எழுதினாள்.