ஒரு கை உப்பு

எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷம் போய்விட்டது. இன்று காலை தோல் கிடங்குக்குப் பதப்படுத்தும் உப்பு ஏற்றிப் போன வண்டியில் மூட்டை கிழிந்து, எங்கள் ஆம்பூர்த் தெரு நெடுக உப்பு சிந்திக் கிடந்தது. பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை, அம்மா விளக்கேற்றிய நேரம். எதிர்வீட்டு பீபியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கொழந்தைக்கு பேதி ஜாஸ்தியாப் போவுது. கஞ்சில போட ஒரு கை உப்பு குடுக்கா."

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் உப்பு கொடுத்தால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"உப்பு தீந்துபோச்சு" என்றேன். உள்ளே ஜாடி நிறைய இருந்தது. தெருவில் மற்ற வீடுகளிலும் அவளுக்கு அதே பதில்தான்.

விடிந்ததும் அம்மா ஒரு படி உப்பை என்னிடம் கொடுத்தனுப்பினாள். பீபியம்மா அழவில்லை.

"எடுத்துட்டுப் போ கண்ணு. இனிமே யாருக்குக் கஞ்சி?"

அந்தப் படியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். எனக்கும் அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன், இன்னும் வரவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் நடந்தபடியே சொல்லுங்கள். உப்பு தீர்ந்துபோனது என்று சொன்னது நான். இரக்கப்பட்டு அதை அம்மா என்று மாற்றிவிடாதீர்கள்.