இரண்டாவது ப்ரோக்ராம்

1. மெஷின் செய்த முடிவு

திருச்சி தில்லை நகரில் ஹியரிங் எய்டு ஃபிட்டிங் செய்கிறவளுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பேச்சு புரியவில்லை, விசில் அடிக்கிறது, காதுக்குள் அரிக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருவர்தான், "ஆர்கன் சரியா இல்லை" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். காதில் எந்த உறுப்பைச் சொல்கிறார் என்று பார்க்க டார்ச்சை எடுத்தேன்.

"காது இல்லைம்மா. சர்ச்சுல வாசிப்பாளே, அந்த ஆர்கன்" என்றார் வைதேகி மாமி.

மாமி ஸ்ரீரங்கத்துக்காரர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாள் முன்புதான் இரண்டு காதுக்கும் என்னிடம் மெஷின் வாங்கியிருந்தார். அதற்குக் காரணம் அவருடைய கணவர். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து சாருக்குக் குரல் இறங்கிவிட்டது. மனைவியின் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வராது, 'வை' என்று மட்டும்தான் வரும். கட்டில் பக்கத்தில் ஒரு மணி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மணி அடித்துக் கூப்பிட இவள் என்ன ஆயாவா என்று சார் ஜாடையிலேயே கோபித்துக்கொண்டாராம்.

"அவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். அது ஒண்ணுதான் வேணும்" என்று மாமி முதல் நாளே சொல்லிவிட்டார். மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி செட் பண்ணினேன். அது நன்றாகவே வேலை செய்தது. ஹாலில் இருந்தாலும் 'வை' காதில் விழுந்தது. கெட்டுப்போனது ஆர்கன்தான்.

"கீழ் ஸ்வரத்தைப் பிடிச்சுண்டு நிக்கறச்சே கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் போயிடறது. மேல் ஸ்வரம் நீளமா வந்தா நடுங்கறது. வாசிக்கறவருக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

அவருடைய போனிலேயே அதைப் போடச் சொல்லிக் கேட்டேன். விஷயம் புரிந்தது. பேச்சு விட்டு விட்டு வரும். விடாமல் ஒரே மாதிரி வருகிற சத்தத்தை ஃபேன், மிக்சி என்று மெஷின் எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். அதற்கு நாய்ஸ் ரிடக்ஷன் என்று பெயர். நீளமான மேல் ஸ்வரம் வந்தால் தன்னுடைய விசில் என்று பயந்து அதை வெட்டப் பார்க்கும். அதுதான் நடுக்கம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து உருகி எழுதியதை மெஷின் சீலிங் ஃபேன் என்று முடிவு கட்டிவிட்டது.

"மாமி, மெஷினுக்கு இது ஃபேன் சத்தம்" என்றேன்.

"எங்க மாமியாரும் அதையேதான் சொல்லிண்டிருந்தா" என்றார்.

2. நாலு மணி கச்சேரி

சார் பாய்லர் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். ஒரு டிரெயினிங்குக்காக ஜெர்மனியில் தங்கியபோது, எதிரே இருந்த சர்ச்சில் தினமும் சாயங்காலம் யாரோ ஆர்கன் பழகுவார்களாம். அந்த ஞாபகத்துக்காக இரண்டு கேசட் வாங்கி வந்தார். பைத்தியம் பிடித்தது மாமிக்கு. இப்போது கேசட் எல்லாம் இல்லை, டிவியில் யூடியூப். பகல் வேலை ஓய்ந்து சார் கண்ணயர்ந்ததும், நாலு மணிக்கு மாமி ஹாலில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் ஆர்கன், ஒரு நாள் பழைய காலத்துப் பியானோ மாதிரியான ஹார்ப்சிகார்ட், ஒரு நாள் கோரஸ்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் லால்குடித் தெருவில் ஸ்பீக்கர் கட்டினால் சண்டைக்குப் போகிற ஆள் நான்.

"ஒரு கை ஒண்ணு சொல்றது. இன்னொரு கை பின்னாடியே வந்து அதையே சொல்றது. அப்புறம் கால் வந்து, கீழே இருக்கற கட்டையை மிதிச்சு அதையே சொல்றது. யாரும் யாரையும் நிறுத்தறதில்லை. கோயில் கோஷ்டியில ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பாசுரம் சேவிப்பாளே, அது மாதிரி. ஆனா இங்கே ஒருத்தர் முடிக்கறதுக்கு முன்னாடியே அடுத்தவர் ஆரம்பிச்சுடுவார். கணக்கு தப்பவே தப்பாது."

அவருக்காக மெஷினில் இரண்டாவது ப்ரோக்ராம் ஒன்று போட்டேன். அதில் ஃபேனை அமுக்குவதும் இல்லை, விசிலை வெட்டுவதும் இல்லை. அப்படி விட்டால் நிஜமாகவே விசில் அடிக்கும் என்பதால் காதுக்கு மறுபடி அச்சு எடுத்து இறுக்கமான மோல்டு செய்ய வைத்தேன். அது வந்த அன்று ஆர்கனைப் போட்டோம். மாமி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கீழ் ஸ்வரம் வந்து நின்றது, மங்கவில்லை. நாற்காலிக்கு அடியில் அவருடைய வலது பாதம் மெதுவாக அழுத்தி அழுத்தி எடுத்தது. முடிந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இதுதான். இவ்வளவு நாள் எங்கே போயிருந்ததோ" என்றார்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க மாமி. ரெண்டாவதுல பேச்சு சரியா வராது. பாட்டு முடிஞ்சதும் ஒண்ணுக்கு மாத்திடுங்க."

"அவர் தூங்கறச்சேதானே கேக்கப்போறேன்."

அதன் பிறகு எனக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் வர ஆரம்பித்தது. லால்குடி போகும் ரயிலில் கேட்டுக்கொண்டு போவேன். கோரஸ் பிடித்துப்போனது. ஹார்ப்சிகார்ட் மட்டும் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். கொஞ்ச நாள் லிங்க் வரவில்லை.

3. 'வை'

சார் பரமபதித்துவிட்டார் என்று மாமியின் மகளிடமிருந்து செய்தி வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாமி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"ரெண்டாவதுலதான் இருந்தேன்" என்றார் உட்கார்ந்ததும். "பெரிய கோரஸ். அவர் தூங்கறார்னுதான் போட்டேன். முடிஞ்சதும் காபி கலந்துண்டு உள்ளே போனேன். கை மட்டும் கட்டிலுக்கு வெளியில நீட்டிண்டிருந்தது."

"டாக்டர் என்ன சொன்னாரு மாமி?"

"தூக்கத்துலயே போயிருப்பார்னார். போயிருப்பார்னுதான் சொன்னார், போனார்னு சொல்லலை. நீதான் சொல்லணும். ரெண்டாவதுல இருந்தா அவர் குரல் எனக்குக் கேட்டிருக்குமா?"

"இப்ப அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டிருக்கும்னா, அவர் கூப்பிடலைன்னு ஆயிடறது. அது போதும் எனக்கு."

எப்படிச் சோதிப்பது என்பதையும் யோசித்து வைத்திருந்தார். அதே கோரஸை அவர் இங்கே கேட்பார். நான் உள் அறையில் நின்று 'வை' என்று கூப்பிட வேண்டும். கேட்டால் கையைத் தூக்குவார். காது எவ்வளவு கேட்கிறது என்று ஆடியோகிராம் எடுக்கும்போது நாங்கள் எல்லோரையும் செய்யச் சொல்வது அதைத்தான்.

உள்ளே போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. மாமியின் முதுகு தெரிந்தது. பாட்டு ஆரம்பித்தது. சாரின் குரலை நான் ஒரு தடவை வீடியோ காலில் கேட்டிருக்கிறேன், எவ்வளவு இருக்கும் என்று தெரியும். அதைவிட உரக்கக் கூப்பிட்டேன். கை உடனே உயர்ந்தது.

மாமி பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அவர் குரல் இவ்வளவு இருக்காதும்மா" என்றார். கோபம் இல்லை. "எனக்காகப் பண்றே, தெரியறது. இப்போ அவர் மாதிரி கூப்பிடு."

மறுபடி முதலிலிருந்து போட்டார். ஒரு பக்கம் பாட, மறுபக்கம் வாங்கிக்கொள்ள, குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. நான் அவர் மாதிரி கூப்பிட்டேன். மாமியின் கை மடியிலேயே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். இன்னொரு முறையும் கூப்பிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. அங்கேயே நின்று அழுதேன். பாட்டு முடியும்வரை மாமி அசையாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கூப்பிடலையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"சரி" என்றார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "ரெண்டாவதை எடுத்துடு" என்றார்.

"இருக்கட்டுமே மாமி. இனிமே எப்ப வேணா நிம்மதியா கேக்கலாமே."

"வேண்டாம்மா. அதுல இருந்தா அவர் கூப்பிடறது கேக்காதுன்னு தெரிஞ்சுடுத்தே."

லேப்டாப்பில் இணைத்து எடுத்துவிட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உண்மையைத் தெரிந்துகொள்ள வந்தவர் முன்னால் குரலை உயர்த்தாதீர்கள். யாருடைய குரல் எவ்வளவு இருக்கும் என்பது காது மங்கியவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இதை மாமியிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் நாளைக்கே இன்னொருவர் வந்து அப்படி உட்கார்ந்து கூப்பிடச் சொன்னால், மறுபடியும் உரக்கத்தான் கூப்பிடுவேன்.