பின்படியில் ஏரி

நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. 1986 ஜனவரியில், நான் அகதியாக வந்து சேர்ந்த பார்க்டேலில், ஒரு நான்காம் மாடி அறையில் இது எனக்கு நடந்தது. திகதி, நேரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவன் நான். அந்தப் பழக்கம் போகவில்லை.

என் மனைவி கோணேஸ்வரி 83 ஜூலைக் கலவரத்தில் இறந்தாள். அகதி விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். உடல் கிடைக்கவில்லை. கொம்பனித்தெருவில் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தபோது அவள் பின்வாசலால் ஓடினாளாம். பக்கத்து வீட்டு பேர்ணடெற் அன்ரி கண்டது அவ்வளவுதான். நான் கந்தோரில் வேலையில் இருந்தேன்.

அகதி விசாரணைக்கு அந்த இடத்தின் வரைபடம் வேண்டும் என்றார் சட்டத்தரணி. திங்கட்கிழமை விசாரணை. படத்தில் பிழை இருந்தால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெள்ளி, மாலை 4.10. வீடு, தெருவுக்குப் போகும் ஒழுங்கை, பின்படி. வரைந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தால், பின்படிக்குச் சற்று அப்பால் ஒரு வளைந்த கோடு. அதற்குள் இன்னும் கோடுகள்...

அறையில் என்னோடு இருந்தவன் பத்மநாதன் மட்டும்.

"உதைத் தொட்டனியோ?"

"எனக்கு நேர்க்கோடே கீற வராது அண்ணை. ஏன், உங்கட வீட்டுக்குப் பின்னாலை கடலோ?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கரையில் தடித்த கோடு, உள்ளே போகப்போக மெலிந்த கோடுகள். தண்ணீரை நாங்கள் அப்படித்தான் காட்டுவோம். அது என் கைக்கோடு. ஆனாலும் அவனைத்தான் சந்தேகித்தேன். வேறு யாரைச் சந்தேகிப்பது?

சனி, புதிதாக வரைந்தேன். பேனையையும் மையையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தேன். விடிந்தபோது அந்தப் படத்திலும் கரை, படிக்கு இன்னும் கிட்ட வந்திருந்தது.

ஞாயிறு. பத்மநாதனை வெளியே போகச் சொன்னேன்.

"படத்துக்குக் காவலோ அண்ணை?"

கதவைப் பூட்டினேன். மூன்றாவது படம். மேசையை விட்டு எழும்பவில்லை.

4.52. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

சளப்...

ஹீற்றர் என்று நினைத்து எட்டித் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது.

சளப்... சளப்...

துடுப்பு.

சேற்று மணம்.

படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

கரை பின்படியைத் தொட்டிருந்தது. மை காயவில்லை.

படியருகே ஒரு தோணி...

திங்கள் காலை கத்தரிக்கோலை எடுத்தேன். படத்தைப் பின்படியோடு வெட்டினேன். வீடு இருந்த பாதியை விசாரணையில் கொடுத்தேன். அவள் ஓடிய பாதியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

என்னை நம்பினார்கள். இங்கேயே இருக்கலாம் என்றார்கள்.

மார்ச்சில் நூலகத்தில் கொழும்பின் பழைய படமொன்றைக் கண்டேன். ஒல்லாந்தர் அடிமைகளை வைத்திருந்த இடம் கொம்பனித்தெரு. சுற்றிலும் ஏரி. பிறகு வந்த ஆங்கிலேயர் அந்த ஏரியைத் துண்டு துண்டாக மண் போட்டு மூடி, மேலே நகரத்தைக் கட்டினார்கள். என் பாதிப் படத்தை அதே அளவுக்குச் சுருக்கி அருகில் வைத்தேன். கரை மயிரிழையும் பிசகவில்லை.

எப்போதோ கந்தோரில் பார்த்தது கையில் தங்கியிருக்கலாம். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூனில் பேர்ணடெற் அன்ரியின் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதுக் கட்டிடத்துக்கு அத்திவாரம் தோண்டினார்களாம். வெள்ளைக்காரன் கொட்டிய மண் பன்னிரண்டு அடி, நூறு வருடமாக யாரும் கிளறாமல் இறுகிக் கிடந்ததாம். அதற்கும் கீழே ஏரிச் சேறு. சேற்றுக்குள் ஒரு செருப்பு.

"தம்பி, அது கோணேசின்ரைதான். அறுந்த வாரை நான்தானே தைச்சுக் குடுத்தனான். என்ரை சிவப்பு நூல் அப்பிடியே இருக்கு."