கடுக்காய் போன வழி

நைனார்பாளையத்துக் கடைத்தெருவில் காலி அட்டைப் பெட்டி எதுவும் பழைய பேப்பர்க்காரர் கைக்குப் போகாது. போகவிட்டால் கோகிலவாணி டீச்சர் கடைக்கு முன்னால் வந்து நின்றுவிடுவாள். சோப்புப் பெட்டியோ பிஸ்கட் பெட்டியோ, கயிறு போட்டுக் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்தால்தான் நகர்வாள். ஊருக்கு வெளியே மக்காச்சோளக் கொல்லையை ஒட்டி இருக்கும் பால்வாடிக்கு அவள்தான் டீச்சர். மேலிடத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பீரோவில் பூட்டிவிட்டு, பிள்ளைகளுக்குத் தன் கையால் எதையாவது கட்டிக் கொடுத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை அடுக்கி வீடு கட்டுவாள். தீப்பெட்டியில் பஸ், தென்னங்குச்சியில் பாலம். ஆனால் பிள்ளைகள் அடித்துக்கொள்வது சுத்துவழிப் பெட்டிக்குத்தான். பெட்டியின் அடிப்பாகத்தைத் தட்டு மாதிரி வெட்டிக்கொள்வாள். மீதி அட்டையை விரல் உயரத்துக்குக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, மைதாப் பசை கிண்டி, பூச்சி அண்டாமலிருக்க அதில் கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டு, தட்டின் மேல் சுவர் சுவராக ஒட்டுவாள். வளைந்து, முட்டி, மறுபடி திரும்பி ஒரே ஒரு பாதை மட்டும் நடுவில் போய்ச் சேரும். அந்த நடுக்கட்டத்துக்கு 'வூடு' என்று பெயர். வாசலில் கோலியை வைத்து, தட்டைச் சாய்த்துச் சாய்த்து வூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதோடு ஆட்டம் முடிந்தது.

வூட்டிலிருந்து வெளியே போவதற்கு வழி வைக்கமாட்டாள். சமையல் பார்க்கும் ஆயம்மா பெரியம்மாள் ஒருமுறை அதைக் கேட்டபோது, "வூட்டுக்கு வந்து சேந்தப்புறம் எங்க போவணும்?" என்று சிரித்துவிட்டாள்.

அவள் பிறந்தது தியாகதுருகத்தில். சின்ன வயதில் மலைக்கோட்டையின் இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒரு மத்தியானம் வழி தவறிப்போனாள். அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், யாரும் வரவில்லை. கடைசியில் இடது கையைச் சுவரில் வைத்து, எடுக்காமல் நடந்து நடந்து வெளியே வந்து சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக் கொடுக்கும் ஒரே சூத்திரம் அதுதான். "எடது கைய செவுத்துலேர்ந்து எடுக்காத. வழி தானா வரும்."

அந்தச் சூத்திரத்தை அவள் மகள் தனுஷா அளவுக்குப் பிடித்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. ஏழு வயசுக்காரி, ராங்கி. கோலி வேண்டாம் என்பாள். அவளுடைய அப்பா ராசு வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்த கடுக்காய் ஒன்றில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து, அதைத்தான் தட்டில் விடுவாள். கடுக்காய் கோலி மாதிரி உருளாது. நீளவாக்கில் முகடு முகடாக இருக்கும். எவ்வளவு சாய்த்தாலும் புரண்டு படுத்துக்கொள்ளும், விரலால் தள்ளினால்தான் நகரும். அவள் பொறுமையாகத் தள்ளிக்கொண்டு போவாள், இடது பக்கச் சுவரை உரசியபடியே.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்துத் தேறித்தான் கூட்டிவந்தார்கள். வந்த மறுநாள் விடியற்காலை, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

துக்கத்தின் மேல் இன்னொரு இடி விழுந்தது. ராசுவின் பெரியப்பா ராஜாங்கம் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, நட்சத்திரம் அடைப்பு என்றார். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால், அது வீட்டையே சுற்றிவரும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோகமாட்டார்கள். பின்சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியாக எடுத்துப்போய், உடனே சுவரை அடைத்துவிடுவார்கள். வாசலில் முள் போட்டு, வீட்டையும் ஆறு மாதம் பூட்டிவிடுவார்கள். திரும்பி வருகிற உயிர், போன வழியைத் தேடும். வழி இருக்காது. தேடிச் சலித்துப் போய்விடும்.

"சின்னப் புள்ளைக்கி எதுக்குங்க இதெல்லாம்?" என்று ராசு கையெடுத்துக் கும்பிட்டான். பெரியவர் மசியவில்லை. கொத்தனார் அய்யனார் கடப்பாரையோடு வந்தார். ஒவ்வொரு இடியும் கோகிலவாணியின் நெஞ்சில் விழுந்தது. ஊரே அழுதது. அவள் அழவில்லை.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. தெருமுனை வரை போய் நின்றாள். சாவு வீட்டில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னாள். "போய்ட்டு வா, பாப்பா." சொன்னதோடு விட்டாளா? எல்லாரும் வாசல் பக்கம் போக, இவள் மட்டும் இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, மகள் போன ஓட்டைக்குள் நுழைந்து வீட்டுக்குள் போனாள். அறியாமல் செய்த காரியம் இல்லை. பிள்ளைக்குத் திரும்பிவர வழி காட்ட வேண்டும் என்று தெரிந்தே செய்தாள். மண் குழைத்துக்கொண்டிருந்த அய்யனார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சுவரை அடைத்தார்.

அவள் வெளியே வந்தபின் வீட்டைப் பூட்டி வாசலில் முள் போட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் குடியிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அவள் பால்வாடிக்குப் போனாள். மறுபடி அட்டையை வெட்டினாள். ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போனபின், புதுப் பெட்டியின் வாசலில் தனுஷாவின் கடுக்காயை வைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

காலையில் கடுக்காய் வூட்டில் இருந்தது.

முதலில் பெரியம்மாள்மேல் சந்தேகப்பட்டாள். ஆனால் சாவி ஒன்றுதான், அது அவளிடம்தான் இருந்தது. எலி என்று நினைத்தாள். அந்தத் துவர்ப்பை எந்த எலி தொடும்? மறுநாள் பாதையை மாற்றி ஒட்டினாள். அதற்கு மறுநாள் பொய் வழிகள் வைத்துப் பெரிய பெட்டியாகக் கட்டினாள். பயந்திருக்க வேண்டியவள், காலையில் கதவைத் திறக்கும்போது கல்யாணப் பெண் மாதிரி ஆசையோடு நின்றாள். ஒவ்வொரு காலையும் கடுக்காய் நடுக்கட்டத்தில், சிவப்புப் பொட்டு மேலே பார்க்க இருந்தது. பாதை நெடுக இடது பக்கச் சுவரில் மட்டும் லேசாக உரசிய தடம். கோகிலவாணிக்குச் சந்தோஷம் பொங்கியது. மகள் வந்துகொண்டிருக்கிறாள், அது போதும்.

அவளுக்குப் போதும். மற்றவர்களுக்கு?

ஷாலினி என்று ஒரு வாண்டு. தை மாதம் கரும்பு வெட்ட வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தின் பெண், நாலு வயசு. தனுஷாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. மாசியில் ஒருநாள் அவள் பால்வாடிச் சுவரில் இடது கையை வைத்து, அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாட்டுக்கு வரவில்லை, முட்டைக்கும் வரவில்லை.

"எங்கடி போற?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"அந்தக்கா கூட."

"எந்தக்கா?"

"பொட்டிக்குள்ள ஒக்காந்துகினு கீதே, அந்தக்கா. வெளிய வர வழி இல்லன்னு அழுவுது டீச்சர்."

கோகிலவாணி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அன்று சாயங்காலமும் கடுக்காயைப் பெட்டியின் வாசலில் வைத்துவிட்டுத்தான் பூட்டினாள்.

ஒருவர் பின் ஒருவராக மற்ற பிள்ளைகளும் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார்கள். விளையாட்டு என்றுதான் பெரியம்மாள் நினைத்தாள். ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்த பிள்ளைகளுக்கு விசிற வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய இடது கையும் தூக்கத்திலேயே உயர்ந்து சுவரில் பதிந்திருந்தது. ஒரு கைகூட கீழே விழவில்லை.

"டீச்சர், இங்க வந்து பாருங்க. இது இன்னா டீச்சர்?" என்றாள் பெரியம்மாள். கோகிலவாணி பிள்ளைகளின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். வைத்து நிமிர்வதற்குள் முதல் கை மறுபடி சுவருக்குப் போயிருந்தது.

அப்போதும் அவள் விடவில்லை. தாய் மனசு, என்ன செய்வது! ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சுவரைப் பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளை வருகிறாளே என்றுதான் அது கணக்குப் போட்டது.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் ஷாலினி வீடு போய்ச் சேரவில்லை. கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி, மலை நிழல் கொல்லைகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். கோகிலவாணியும் கூடவே ஓடினாள். எதிரே அய்யனார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"உன் வூட்டாண்டதாம்மா இருந்திச்சி," என்றார் கோகிலவாணியிடம். "பூட்டிக் கெடக்கிற வூட்ட சுத்திச் சுத்தி வந்துகினு இருந்திச்சி. கூப்ட்டா திரும்பல. கையப் பாரு."

ஷாலினியின் இடது உள்ளங்கை முழுக்கத் தோல் வழண்டு ரத்தமாக இருந்தது. பிள்ளை அழவே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு எதையும் பார்க்காமல் இருந்தாள். தாய்க்காரி அவளை வாரி அணைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகை கோகிலவாணியைச் சுட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழ வேண்டிய அழுகை அது, அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர்கள் போனபின் அய்யனார் தயங்கி நின்றார். "அன்னிக்கி அந்த ஓட்ட வழியா நீ உள்ள போன இல்ல? பாத்துகினுதான் இருந்தேன். பெத்தவகிட்ட இன்னான்னு சொல்றது, வாய மூடிகினேன்."

"வரட்டும்னுதாண்ணா போனேன்," என்றாள்.

"சரிம்மா. வந்துடுச்சி. இப்ப அது எப்படிப் போவும்?"

அவள் திரும்பி நடந்தாள். நேராகப் பால்வாடிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வேப்பெண்ணெய் வாடை அடித்தது. சாயங்காலம் பெட்டியின் வாசலில் வைத்துவிட்டுப் போன கடுக்காய் அதற்குள்ளேயே வூட்டில் இருந்தது. நாலு பக்கமும் சுவர். இத்தனை மாதமாகத் தன் கையால் தானே ஒட்டிய சுவர். வரச்சொல்லி வரச்சொல்லி, வந்த பிள்ளையை ஒவ்வொரு நாளும் நடுவில் உட்காரவைத்துப் பூட்டியிருக்கிறாள். தனுஷா வந்து தங்கியது சந்தோஷத்தால் இல்லை, போக வழி இல்லாததால் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கத்தியை எடுத்தாள். நடுக்கட்டத்தின் பின்சுவரை வெட்டினாள். அதற்குப் பின்னால் இன்னொரு சுவர், அதையும் வெட்டினாள். அய்யனாரின் கடப்பாரைச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளிச்சுவர் வரை ஒரே நேராக வெட்டி முடித்தபோது அட்டைத் துணுக்குகள் மடியெல்லாம் கிடந்தன.

"பாப்பா, அம்மா சொன்னத மறந்துடு," என்றாள். "செவுத்துலேர்ந்து கைய எடுத்துடு. நேரா போ."

மறுநாள் காலை பிள்ளைகள் வருமுன் போய்க் கதவைத் திறந்தாள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு எதையோ தள்ளிக்கொண்டு போனது. கடுக்காய். பெட்டியை விட்டு இறங்கி, அறையின் குறுக்கே வந்து, பூட்டிய கதவின் அடியில் முட்டி நின்றிருக்கிறது. போ என்று சொன்னவள், பழக்க தோஷத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஐப்பசியில் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதாள். பிறகு எழுந்து, கதவை அகலத் திறந்து வைத்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள். கொல்லையில் காற்று இல்லை. மக்காச்சோளத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. அவளைத் தாண்டி, முழங்கை உயரத்தில், காய்ச்சல் உடம்பின் சூடு ஒன்று மெல்ல வெளியே போனது.

"போ, பாப்பா," என்றாள். 'வா' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

பத்து மணிக்கு ஷாலினி கையில் கட்டோடு வந்தாள். படியேறி, சுவர்ப் பக்கம் போகாமல், அறையின் நடுவாக நேரே நடந்துவந்து டீச்சர் மடியில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"டீச்சர், இது ஒடஞ்சிபோச்சி."

"ஆமாண்டி. ஒட்டிடலாம்."

கோகிலவாணி மைதாப் பசை கிண்டி, வெட்டிய இடத்துக்கு அளவாக அட்டைக் கீற்று நறுக்கினாள். வெளிச்சுவரில் மகள் போன ஓட்டையில் வைத்து ஒட்டி, பசை காயும் வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.