புங்கமரத்துக்காக நான் ஜெயித்த பந்தயம்

என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் பந்தயம் ஒரு புங்கமரத்துக்காக. அப்போது எனக்குப் பத்து வயது. மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. அம்மா ஒரு கறவை மாடு வைத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் காலிமனைதான் அதற்கு மேய்ச்சல். மனையின் நடுவில் அந்த மரம், அதன் கிளையில் என் ஊஞ்சல்.

அந்தக் கோடையில் பால் குறைந்தது. கொள்ளேகாலிலிருந்து வந்த மாமா மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பழியை மரத்தின்மேல் போட்டார். “நெழல்ல புல்லு எத்தனை கொஞ்சமா இருக்குது பாருக்கா! மரத்தை எடுத்துப்போட்டா மனை முச்சூடும் புல்லாயிரும்.” அம்மாவும் தலையாட்டிவிட்டாள். மறுநாளே வெட்ட ஆள் வருவதாகப் பேச்சு.

“நெழல் புல்லுதான் மாட்டுக்குப் புடிக்கும்!” என்று அடித்துவிட்டேன். ஆதாரம் எதுவும் கிடையாது, வாய் மட்டும்தான்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “சரிங்க மேடம். வெயில் புல்லு ஒரு கட்டு, நெழல் புல்லு ஒரு கட்டு. மாடு எதை மொதல்ல தின்னு முடிக்குதோ அந்தக் கட்சி கெலிச்சுது. நெழல் கெலிச்சா மரம் உனக்கு.”

காய்ந்த வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கினால் அம்மா உப்புத்தண்ணீர் தெளிப்பாள். உடனே தின்னும். அது எனக்குத் தெரியுமே! இரண்டு கட்டையும் அறுத்து வைத்துவிட்டு மாமா காபி குடிக்கப் போன நேரத்தில், என் நிழல் புல் கட்டின்மேல் ஒரு சொம்பு உப்புத்தண்ணீரைக் கொட்டினேன்.

மாடு வந்தது. மாமாவின் கட்டை முகர்ந்து, இரண்டு வாய் தின்றுவிட்டு, என் பக்கம் திரும்பியது. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. கடைசித் தாள் வரைக்கும் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று கயிற்றை இழுத்தது. ஐயோ, நான் ஆடிய ஆட்டம்! ஊஞ்சலில் நின்றுகொண்டே தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். “புள்ள கெலிச்சுட்டா, மரத்தை விட்டுரலாம்” என்றார் மாமா.

என் சாமர்த்தியத்தை நினைத்துப் பல வருஷம் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு விவசாயம் படித்தபோது, நிழலில் புல் குறைவாகத்தான் வளரும், ஆனால் வெயில் புல் போலச் சீக்கிரம் முற்றாமல் இளசாக இருக்கும், புரதமும் கூடுதல் என்று தெரிந்தது. அதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னதோடு, கையோடு உப்புத் திருட்டையும் ஒப்புக்கொண்டேன்.

அம்மா அசரவில்லை. “அன்னிக்கே பாத்தேன்டி. ஞாயம்னு ஒண்ணு வேணுமில்ல? மாமா கட்டுலயும் ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் மாட்டை அவுத்தேன்.”

அப்படியானால் அன்றைக்கு ஜெயித்தது உப்பு இல்லை, புல்தான். ஊஞ்சலில் நின்று கத்திய திருடிக்கு மட்டும் அது தெரியவில்லை.