தூணில் ஒரு பெட்டி, திரையில் ஒருவர்

ஆம்பூரில் என் சித்தி வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் தையல் கூடத்தில், நடுத்தூணில் ஒரு நீல நிற ஒலிபெருக்கிப் பெட்டி தொங்கும். முன்பக்கத் துணி கிழிந்துபோன இடத்தில் யாரோ மிஞ்சிய லைனிங் தோலை ஒட்டியிருந்தார்கள். அதனால் அதில் வருகிற குரல் எல்லாம் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கும். அந்தப் பெட்டியில் தினமும் மதியம் பேசிய அக்காவைத்தான், கேட்க ஆளே இல்லாதவர் என்று சொன்னார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று யோசித்தால் எனக்கு இன்னும் இருப்புக்கொள்ளாது.

அப்போது வேலூரில் ஒரு எஃப்.எம். நிலையத்தில் நான் உதவியாளர். அக்கா மதிய நிகழ்ச்சியின் அறிவிப்பாளர். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடித்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். பாட்டுக்கு நடுவே வெயிலைத் திட்டுவார், பஸ்ஸைத் திட்டுவார், அன்றைக்குத் தான் வைத்த குழம்பைத் திட்டுவார். "இன்னா மக்களே, சாப்ட்டாச்சா, இல்ல டப்பாவ மூடி வச்சிக்கினு இன்னும் வேலதான் நடக்குதா?" இதுதான் தினமும் முதல் வார்த்தை. இதை எழுதிக் கொடுத்தது யார் என்று நிலையத்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அவருக்கு எழுதிக் கொடுக்க யாரால் முடியும்?

கணக்கெடுப்புக்காரர்கள் வீடு வீடாகப் போய், நேற்று எந்த வானொலி கேட்டீர்கள் என்று விசாரிப்பார்கள். அந்த முறை மதிய நேரத்துக்குக் கிட்டத்தட்ட யாருமே இல்லை என்று வந்துவிட்டது. அக்காவை எடுத்துவிட்டு வெறும் பாட்டை ஓடவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. அந்த வாரம் சித்தி வீட்டுக்குப் போனபோது, பூண்டு உரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ரேடியோ கேக்குறியான்னு ஒருத்தன் வந்தான்டி. நமக்கு ஏதுப்பா ரேடியோன்னு சொல்லி அனுப்சிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா பேசுவதை அப்படியே பேசிக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பவள் அவள்தான். தினமும் கேட்கிறாயே சித்தி என்றேன்.

"அது கம்பெனி ரேடியோ. சூப்பர்வைசர் கேக்குறாரு. நாங்க வேலதான செய்றோம்?"

சித்தி பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கம்பெனியில் இருக்கிற ஃபேன், ஸ்டூல், டீ எல்லாமே கம்பெனியுடையது. வெளியில் வந்து யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்வதில்லை. அதுவும் சம்பளம் வாங்குகிற நேரத்தில் பாட்டுக் கேட்டேன் என்று முன்பின் தெரியாதவனிடம் யாராவது ஒப்புக்கொள்வார்களா? அவனும் ஒழுங்காகத்தான் கேட்டான், அவளும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். ஒரு கூடம் முழுக்க இருந்த பெண்கள் அப்படியே காணாமல் போனார்கள்.

மறுநாளே அக்காவிடம் ஓடினேன். யாராவது வந்து கேட்டால் கேட்கிறோம் என்று சொல்லுங்கள் என மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் சொல்லிக் குடுத்து அவங்க சொன்னா அது என் பதிலுடி, அவங்க பதிலு இல்ல. வுடு, பேஜார் பண்ணாத." சித்தி சொன்னதை நான் நிர்வாகத்திடம் சொன்னேன். சொந்தக்காரர் பேச்சை வைத்துக் கணக்கை மாற்ற முடியாது என்றார்கள். மாதக் கடைசியில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இப்போது நான் ஒரு இணைய வானொலி நிறுவனத்தில் இருக்கிறேன். எந்த ஊரில் எத்தனை ஃபோனில் நிகழ்ச்சி ஓடுகிறது என்று திரையில் பார்ப்பதுதான் என் வேலை. அக்காவையும் நான்தான் இங்கே கூட்டிவந்தேன். பேரணாம்பட்டில் தன் வீட்டிலேயே பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார். அப்படிப் பேசினால் எதிரொலி வராதாம். அதே மதியம், அதே குழம்பு. ஆனால் திரையில் ஆம்பூருக்கு நேரே தினமும் ஒன்று என்றுதான் வரும். யார் அந்த ஒருவர்? மேலாளர், என்னைவிடச் சின்னப் பையன், நிகழ்ச்சியை நிறுத்தலாம் என்றார். "டேட்டா பொய் சொல்லாது மேடம்." என் வீட்டுக்காரர் ஃபோனில் செய்தியை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவார். அந்தச் செய்தியைச் சுவர்தான் கேட்கும். திரையில் அவரும் ஒரு நேயர். இதைச் சொன்னால் பையன் சிரிக்கிறான்.

மனசு கேட்கவில்லை. சித்தியைப் பிடித்து, அனுமதி வாங்கி, கம்பெனிக்கே போனேன். வாசலில் எல்லோரும் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், என்னுடையதையும் வாங்கிக்கொண்டார்கள். நடுத்தூணில் அதே பெட்டி, அதே தோல் துண்டு. சூப்பர்வைசரின் ஃபோனிலிருந்து ஒரு ஒயர் அதற்குப் போனது. அந்தக் கூடத்தில் இருந்த ஒரே ஃபோன் அதுதான். முதல் மெஷினில் இருந்த பெண்ணிடம், ஆப்பில் ரேடியோ கேட்பீர்களா என்று கேட்டேன்.

"என் ஃபோன்ல அந்த ஆப்பே இல்லியேக்கா," என்றாள்.

அப்போது பெட்டியில் அக்கா: "நேத்து பஸ்ல எனக்கு எடம் போட்டுக் குடுத்த தம்பி, எடம் போட்டது சரி, டப்பாவ எடுக்க வேணாமா? குடியாத்தம் வரைக்கும் உன் சாம்பார் மேலயே உக்காந்துக்கினு வந்தேன்." தையல் நிற்கவில்லை, ஒரு தலையும் நிமிரவில்லை, ஆனால் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சிரித்தார்கள். ஆப்பே இல்லை என்றவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். வெளியே வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு ஆம்பூரில் ஒன்று.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஆதாரம் ஏதாச்சும் அனுப்ப முடியுமா மேடம்?" என்றார். போன வாரம் நிகழ்ச்சி நின்றது, அந்த நேரத்துக்கு இப்போது வெறும் பாட்டு ஓடுகிறது. அக்காவிடம் நான்தான் சொன்னேன். "பீரோவ மூடிட்றேன் வுடு, துணியெல்லாம் தூசியாவுது," என்றார்.

நேற்று சித்தி ஃபோன் பண்ணினாள். "அந்தப் பொண்ணு எங்கடி? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? பொட்டில வெறும் பாட்டுதான் வருது. எல்லாரும் என்னிய புடுச்சி கேக்குறாளுங்க." நான் திரையைத் திறந்து பார்த்தேன். சூப்பர்வைசர் இன்னும் தன் ஃபோனை அந்த ஒயரிலிருந்து கழற்றவில்லை போலிருக்கிறது. ஆம்பூருக்கு நேரே இப்போதும் ஒன்று என்றுதான் இருந்தது.